டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு ஓட்டு

கடை ஷட்டரைத் தூக்கும்போது போன் வந்தது. ஹனீபா பாயின் மகன். "அத்தா காலைல மௌத்தாயிட்டாருங்க" என்றான். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் நம் எலப்புள்ளி கடைவீதிச் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் யாரோ போட்டுவிட்டார்கள்: 'நமது மாற்றுத்திறனாளி உறுப்பினர் மறைந்தார்.' தண்ணீர் பாய்ச்சும் நேரத்தில் மோட்டார் புகைந்தால் அன்றைக்கே செப்புக் கம்பி சுற்றி, புதுக் காயில் கட்டிக் கொடுத்த மனிதர் அவர். அதை எழுத ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எரிச்சலாக வந்தது.

எரிச்சல்பட எனக்கு என்ன யோக்கியதை? நான்தானே சங்கச் செயலாளர்.

அவர் சேர்ந்த புதிதில் 'நொண்டி பாய்' என்றோம், வாய் கூசாமல். பிறகு தீர்மானப் புத்தகத்தில் 'ஊனமுற்ற' என்று எழுதினேன். அப்புறம் 'மாற்றுத்திறனாளி'. நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு மலையாளத்தில்தான் எழுத வேண்டும்; அந்தக் கடிதத்தில் 'பின்னசேஷிக்காரர்'. மாற்றும்போதெல்லாம் அவரிடம் கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டுவேன். அவர் கம்பிச் சுருளிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். "ஏனுங்க செக்ரட்டரி, பேரு எது வேணா வெச்சுக்கோங்க. கூட்டத்தக் கீழ வைங்க" என்பார்.

சங்க அறை மாடியில். ஏறுவதற்குச் செங்குத்தான இரும்புப் படி. ஊன்றுகோலோடு அதில் ஏற முடியாது. அதனால் நாம் செய்த ஏற்பாடு சங்க உறுப்பினர்களான உங்களுக்குத் தெரியும். தீர்மானம் வந்தால் நான் பால்கனியில் நின்று கத்துவேன். கீழே டீக்கடை பெஞ்சிலிருந்து பாய் ஊன்றுகோலைத் தூக்குவார். அது ஒரு ஓட்டு. மேலே என்ன பேசினோம் என்று அவருக்குக் கேட்டிருக்காது. ஒருநாள் தூக்கவில்லை. "எதுக்குன்னே தெரியாம எத்தன நாளைக்குங்க தூக்கறது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம் பாய்" என்றேன். எத்தனை கூட்டத்துக்கு அப்படிச் சொன்னேனோ.

இரங்கல் கூட்டமும் மாடியில்தான். "சிறப்புத் திறன் படைச்ச நம்ம பாய்..." என்று தலைவர் ஆரம்பித்தார். இன்னொரு புது வார்த்தை! தீர்மானம் வாசித்து முடித்ததும், பழக்கதோஷம், எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். கத்தவும் வாயைத் திறந்துவிட்டேன். பெஞ்சு காலியாகக் கிடந்தது.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. "சேரையெல்லாம் கீழ எறக்குங்க" என்றேன்.

"இப்ப எதுக்குங்க?" என்றார் தலைவர்.

முதல் நாற்காலியை நானே தூக்கினேன். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். எல்லாவற்றையும் டீக்கடை முன்னால் போட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

பாயின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் பத்து நிமிடம்தான். இத்தனை வருடமாக அவர் நம்மிடம் கேட்டதும் அதைத்தான்.