ரொம்லா கொண்டுவந்த வழுக்குமரம்

ஜகார்த்தாவின் நட்டநடுவே, நாற்பது மாடிக் கட்டடத்தின் காலடியில் ஒரு சந்து. இருநூறு வீடுகள் இருந்தன. இப்போது அறுபத்தொன்று. மற்றவர்கள் வீட்டைக் கட்டடக்காரர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ரொம்லா போகவில்லை. மேலே குடியிருப்பவர்களின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு, தினமும் பின்கேட் வழியாக நுழைந்து கொடுத்துவிட்டு வருவாள். வயது ஐம்பத்தெட்டு. வாய்க்கு வயதே ஆகவில்லை.

ஆகஸ்ட் பதினேழு, சுதந்திர தினம் என்றால் சந்தின் பூப்பந்துத் திடலில் வழுக்குமரம் நிற்க வேண்டும். எல்லா வருஷமும் நின்றது. இந்த வருஷம் கட்டடக்காரர்கள் புதுச் சுவர் எழுப்பினார்கள். சந்து முழங்கை மாதிரி மடங்கிவிட்டது. ஒன்பது மீட்டர் பாக்குமரம் அந்த மடக்கில் திரும்பாது. நிமிர்த்தித் தூக்கலாமென்றால் தலைக்கு மேலே மின்கம்பி.

"இந்த வருஷம் விட்டுருவோம்க்கா. சாக்கு ஓட்டமும் அப்பளம் தின்னுற போட்டியும் போதும்" என்றார் சந்துத் தலைவர் ஜுனைதி.

"இந்த வருஷம் மரத்த விடுவோம், அடுத்த வருஷம் கொடிய விடுவோம், அப்புறம் வீட்ட விடுவோம். கையெழுத்துப் போட பேனா இருக்கா, நான் வாங்கித் தரவா?"

எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வீட்டுக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டில் காகிதம் தயாராக இருந்தது. மரம்கூட நட முடியாத இடத்தில் இனி என்ன வாழ்க்கை என்று அவர்கள் பேசிக்கொண்டது ரொம்லாவுக்குத் தெரியும்.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். கட்டடத்தின் முன்கேட்டிலிருந்து போர்டிகோ வழியாகப் பின்கேட்வரை ஒரே நேர்கோடு. பின்கேட்டைத் தாண்டினால் பூப்பந்துத் திடல்.

மேனேஜர் ஹெந்த்ராவிடம் போய்க் கேட்டாள்.

"இது தனியார் இடம்மா. வேணும்னா உங்க ஆளுங்க எங்க லாபிக்கு வாங்க. பெரிய கேக் வெட்டுறோம், போட்டோ எடுத்துக்கலாம்."

"எங்க சுதந்திரத்த உங்க லாபியில வந்து வேடிக்கை பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

பதினேழாம் தேதி காலை. பதினாறு பேர் தோளில் மரம். முன்னால் ரொம்லா, கையில் போன். முன்கேட்டில் காவலாளி சுகேங் தடுப்புக்கட்டையை இறக்கி வைத்திருந்தான். சந்தில் பெண் எடுத்தவன்.

"அக்கா, என் வேலை போயிரும்."

"உன்னைத் தொறக்கச் சொன்னேனா? சும்மா நில்லு."

ஒரு கார் வந்தது. கட்டை எழும்பியது. கார் நுழைய, அதன் வாலைப் பிடித்தபடியே மரமும் நுழைந்தது. மரத்தின் மேல் கட்டையை இறக்க முடியுமா? பாதி மரம் உள்ளே, பாதி ரோட்டில். ஹெந்த்ரா டையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"நிறுத்துங்க! ஒரு அடி நகரக்கூடாது!"

ரொம்லா போனைப் பார்த்தாள். பத்து பதினாறு.

"நகரலைங்க. நிறுத்திட்டோம்."

சங்கு ஊதியது. பத்து பதினேழு. சுதந்திர நினைவாக நாடே மூன்று நிமிஷம் அசையாமல் நிற்கும் நேரம். லாபி ஒலிபெருக்கியிலேயே தேசியகீதம் கிளம்பியது. பதினாறு பேரும் மரத்தோடு சிலையானார்கள். சுகேங் சல்யூட் அடித்தான். பால்கனிகளில் குடியிருப்பவர்கள் விறைத்து நின்றார்கள். ஹெந்த்ரா திறந்த வாயை மூடி, கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டார். வேறு வழி? மரத்தின் பாரத்தில் ஜுனைதியின் தோள் இறங்கியது. "விட்டுராதீங்க" என்று உதடு அசையாமல் சொன்னாள் ரொம்லா.

கீதம் முடிந்தது. பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன.

"சொல்லுங்க சார்," என்றாள். "முன்னாடி போனா அறுபது தப்படி. பின்னாடி போனா மெயின் ரோடு, மரத்தோட. எப்படிப் போகட்டும்?"

ஹெந்த்ரா பால்கனிகளை அண்ணாந்து பார்த்தார். "போங்க. சீக்கிரம் போய்த் தொலைங்க."

பின்கேட்டைச் சுகேங்கே ஓடிப் போய்த் திறந்தான். "தொறக்கலேன்னா மாமியா வீட்ல எனக்குச் சோறு கெடையாது சார்" என்று திரும்பிச் சொன்னான்.

மதியத்துக்குள் மரம் நின்றது. கிரீஸ் பூசினார்கள். உச்சியில் பரிசுச் சைக்கிளும் சட்டிகளும் தொங்கின. அதற்கும் மேலே சிவப்பு வெள்ளைக் கொடி. சிரிக்காத மூன்று வீட்டுக்காரர்களில் இருவர் அடியில் நின்று மற்றவர்களைத் தோளில் தாங்கினார்கள். மூன்றாமவர் மறுமாதம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் ரொம்லாவின் நுழைவு அட்டையைப் பறித்தார்கள். சட்டைகளின் சொந்தக்காரர்கள் தாங்களே சந்துக்கு இறங்கி வரத் தொடங்கினார்கள். பிறகு கட்டடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: விழா முடிந்துவிட்டது, மரத்தை அகற்றவும்.

ரொம்லா அதன் பின்பக்கத்திலேயே பதில் எழுதிக் கொடுத்தனுப்பினாள்:

"சந்து வழியா மரம் திரும்பாது. சுவர் உங்களோடது. சுவரை எடுங்க, மரத்த எடுக்கிறோம். இல்ல, கொடி பறக்குற மரத்துல கோடாலி வைக்க உங்களுக்குத் தைரியம் இருந்தா, பகல்லயே வாங்க. நாங்க எல்லாரும் வீட்லதான் இருப்போம்."

இன்னும் யாரும் வரவில்லை. மரம் நிற்கிறது.