ராஜகுமாரி எறிந்த பஞ்சு

கோமதிநாயகம் அண்ணாச்சி சங்கரன்கோவிலில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். என் கடைக்கு அடுத்த கடை. எதையாவது கழற்றி மாட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு கார்டைச் செருகி, மொட்டைமாடி டிஷ்ஷின் வயரை அதில் மாட்டி, எச்டி சேனல்களைப் பிடித்துப் பதிவும் செய்தார். டிஸ்க் நிரம்பினால் இருப்பதிலேயே பழையதைத் தானாக அழித்து இடம் பண்ணிக்கொள்ளும்படி வேறு வைத்திருந்தார். அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

"எனக்கு நாடகம் தப்பாம வந்தா போதும்" என்பார் அவர் மனைவி ராஜகுமாரி மதினி. வளையல் கடையை அடைத்துவிட்டு அவர் வீடு வருவதற்குள் நாடகம் முடிந்துவிடும். அதனால் தினமும் அது தானாகப் பதிவாகும். பார்த்த கையோடு மதினியே அழித்தும் விடுவார்.

எங்கள் ஊர்க் கோவிலின் போன ஆடித்தபசுத் திருவிழாவை நேரடியாக ஒளிபரப்பினார்கள். குருவிகுளத்துப் பிறந்த வீட்டு நிலத்தில் வெடித்த பஞ்சைக் காணிக்கையாக மதினி அம்பாள் சப்பரத்தின்மேல் எறிந்தபோது கேமரா அவர் பக்கம் திரும்பியது. மூக்குத்தி, நெற்றி வியர்வை, வாய் நிறையச் சிரிப்பு, எல்லாம் அத்தனை துல்லியம். கேமராவைக் கண்டாலே விறைத்துப்போகிற மனுஷி அவர். கல்யாணப் போட்டோவில்கூடச் சிரித்ததில்லை. அண்ணாச்சி அதைப் பதிந்து வைத்துத் தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

"ஈன்னு பல்லைக் காட்டிட்டு நிக்கேன். அழிச்சிருங்க" என்றார் மதினி.

"அதை மட்டும் கேக்காத" என்றார் அண்ணாச்சி.

ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்த மதினி எழுந்திருக்கவே இல்லை. பூட்டிக் கிடக்கும் அந்த வளையல் கடையைப் பார்க்க இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை.

துக்க வீட்டில் பதினாறு கழியும்வரை டிவி போடமாட்டார்கள். அண்ணாச்சி கம்ப்யூட்டர் திரையை மதினியின் சேலையால் மூடினார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் தபசில் சிரித்த அந்த முகத்தைப் படமாக்கி மாட்டப் போவதாக வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மூடியது திரையை மட்டும்தான். கீழே பெட்டி ஓடிக்கொண்டிருந்ததை யாரும் நினைக்கவில்லை. அது நாள் தவறாமல் மதினியின் நாடகத்தைப் பதிந்தது.

விசேஷம் முடிந்த மறுநாள் சேலையை எடுத்தார். தபசைக் காணோம். டிஸ்க் நிரம்பியதும், அவர் வைத்திருந்தபடியே, பழையதை அழித்திருந்தது. தென்காசி வரை கொண்டுபோய்க் காட்டினோம். அந்த இடத்தில் நாடகம் ஏறிவிட்டது, இனி மீட்க முடியாது என்றார்கள். மதினி சிரித்த முகம் இனி எங்கேயும் இல்லை.

"அந்த எழவு நாடகத்தை அழிச்சுத் தொலைங்க அண்ணாச்சி" என்றேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ இன்னும் பாக்கலல்லா தம்பி" என்றார்.