டைட்டில் என்ன?

கல்கத்தாவின் கரியாஹாட்டில் புடவைக் கடைகளுக்கு நடுவே ஒரு ஜெராக்ஸ் கடை. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கேதான் என் பயோடேட்டாவைக் கம்ப்யூட்டரில் அடிக்கக் கொடுத்தேன்.

"திதி, டைட்டில் என்ன?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார் கடைக்காரர்.

"பயோடேட்டான்னே போடுங்க" என்றேன்.

சிரித்துவிட்டார். வங்காளிகளுக்கு டைட்டில் என்றால் குடும்பப் பெயர். இங்கேயே பிறந்த எனக்குத் தெரியாததா? அன்றைய பதற்றம் அப்படி.

"எங்களுக்கு டைட்டில் கிடையாது, தாதா. அப்பா பேரோட முதல் எழுத்து மட்டும்தான்" என்று நானும் அண்ணன் முறை வைத்தேன்.

"ஒத்தை எழுத்தைப் பாத்து எவன் வேலை குடுப்பான்?" என்று அப்பா பெயரை முழுசாக என் பெயருக்குப் பின்னால் போட்டார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

நான் பிளஸ் டூவோடு நின்றவள். நான் வேலை பார்த்த சின்ன ஆபீசில், சாப்பாட்டு நேரத்தில் பழைய கடிதங்களைப் பார்த்துப் பார்த்து நானே டைப் பழகினேன். விண்ணப்பித்திருந்த பெரிய கம்பெனியோ, டிகிரி இல்லையென்றால் மேலாளரின் சிபாரிசுக் கடிதம் கட்டாயம் என்றது. எங்கள் மேலாளர் பயோடேட்டாவைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, துர்கா பூஜை விடுமுறைக்கு அன்றே ஒரிசாவின் புரிக்கு ரயிலேறிவிட்டார். மறுநாள் காலை இன்டர்வியூ.

பஸ்ஸில் கடிதத்தைப் பிரித்தேன். அதுதான் டைட்டில் என்று நினைத்து, மிஸ் என்று போட்டு அப்பா பெயர். மேலிருந்து கீழ்வரை அப்பா பெயர்தான். என் பெயர் எங்குமே இல்லை.

கார்டன் ரீச் கப்பல் பட்டறையில் அப்பா ஃபிட்டர். வீட்டுக்கு வந்தவரிடம் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். நேர்மையானவர். சொல்லாமலே வேலையை முடிப்பவர். ஒரு நாளும் தாமதமாக வராதவர் என்றெல்லாம் எழுதியிருந்தது.

"மீசை வச்ச மிஸ்ஸா நானு?" என்று சிரித்தார். பிறகு, "இன்னொரு தடவை படிம்மா" என்றார். படித்தேன். "முப்பது வருசத்துல எனக்கு டைப் அடிச்சு வந்தது மெமோ மட்டுந்தான். நாளைக்கு இதையே கொண்டு போ. கேட்டா உள்ளதைச் சொல்லு."

கேட்டார்கள். "சர்டிஃபிகேட்டில் ஒரு பெயர், கடிதத்தில் வேறொரு மிஸ். யார் இவங்க?" என்றார் நடுவில் இருந்த அதிகாரி.

"எங்கப்பா சார்."

எழுதிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். எங்கள் இனிஷியல் வழக்கத்தையும் கடைக்காரர் செய்ததையும் சொன்னேன்.

"அப்ப வேலை யாருக்கு, அப்பாவுக்கா?"

"அவருக்கு ஒரு வேலை இருக்கு சார். எனக்குத்தான் வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்காமல் மூலையிலிருந்த டைப்ரைட்டரைக் காட்டி, ஒரு பக்கத்தை வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். அடித்துக் கொடுத்தேன். விளக்கருகே பிடித்துப் பிழை தேடினார். கிடைக்கவில்லை.

பூஜை முடிந்து வேலைக்கான உத்தரவு வந்தது. அதிலும் மிஸ் போட்டு அப்பா பெயர்தான். மடிப்புக் கலையாமல் பட்டறைக்குக் கொண்டுபோய், ஷிஃப்டில் இருந்த அத்தனை பேரிடமும் காட்டியிருக்கிறார் அப்பா.

"எனக்கு ரெண்டாவது வேலை கிடைச்சிருக்குடா. உக்காந்து பாக்குற வேலை."