அரை மிதி

போன ஐப்பசியில் என் காரின் முன் சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்தது. மோகனூர் ரோட்டில், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் போகும் வழியில், முருகானந்தத்தின் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஆசிரியை வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என் வண்டியைப் பார்ப்பது அவர்தான். சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் காலிப்பரை மாற்ற வேண்டும் என்றார்.

வேலையைத் தொடங்கும் முன், சீட்டுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவில் ஒரு மரக்குச்சியை முட்டுக் கொடுத்தார். பெடல் லேசாக உள்ளே போய் அப்படியே நின்றது. அதற்கப்புறம்தான் சக்கரத்திலிருந்து குழாயைக் கழற்றினார். நாலைந்து சொட்டு விழுந்து நின்றுவிட்டது. செப்பு வாஷர் பழசாக இருக்கிறது, புதுசு வாங்கி வருகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு நாமக்கல் கிளம்பினார்.

அவர் மனைவி வசந்தாமணி எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டார். குச்சி எதற்கு என்று கேட்டேன்.

"அது முப்பது வருசத்துக்கு ஒன்னு கொறைய என்ற காலு செஞ்ச வேலைங்க டீச்சர்" என்றார்.

வசந்தாமணி பிறந்தது இளம்பிள்ளையில். வீட்டில் இரண்டு குழித்தறி. பன்னிரண்டு வயதிலிருந்து தறிக்குழியில் கால் தொங்கப் போட்டு மிதித்தவர். பாவு நூல் இறுக்கமாக இருக்கும் நாளில் மிதிகட்டையை முழுக்க மிதித்தால் இழை அறும். அரை மிதியில் நிறுத்த வேண்டும். அந்தக் கணக்கு அவர் பாதத்துக்குத் தெரியும். 1991இல் முருகானந்தத்துக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தபோது, இனிமேல் காலுக்கு வேலை இல்லை என்று நினைத்திருக்கிறார்.

அடுத்த வருடம் ஒருநாள் மதியம் சோறு கொண்டுவந்தவரை, "செத்த நேரம் சீட்ல உக்காந்து இத அமுக்கிப் புடி" என்று கணவர் கூப்பிட்டார். பெடலை ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தி நிறுத்தினால், மேலே இருக்கும் ஆயில் டப்பாவிலிருந்து கீழே இறங்கும் சின்னத் துளை உள்ளுக்குள் மூடிக்கொள்ளும். பிறகு சக்கரத்தில் எந்தச் சாமானைக் கழற்றினாலும் டப்பா காலியாகாது. காலியாகிவிட்டால் குழாய் முழுக்கக் காற்று ஏறிவிடும். நாலு சக்கரத்திலும் அதை வெளியேற்ற அரை நாள் போய்விடும். அந்த ஆயில் பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும்.

அமுக்குவது லேசு. குழாய் கழன்ற நொடியில் பெடல் சட்டென்று இளகும், காலோடு உள்ளே போகப் பார்க்கும். புதுசாக உட்காருகிறவர்கள் அந்த இடத்தில் தடுமாறிவிடுவார்கள், ஆயில் பீய்ச்சி அடிக்கும். வசந்தாமணியின் கால் முதல் நாளே அசையாமல் நின்றது. முருகானந்தம் எழுந்து வந்து அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அன்றைக்குப் பிறகு வேறு யாரையும் அவர் கூப்பிடவில்லை.

"கல்யாணமாயி ஒரு வருசத்துல அவிய என்னைய உத்துப் பாத்தது அன்னிக்குத்தானுங்க. அதுவும் மூஞ்சிய இல்ல, கால" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு குரல் தணிந்தது. 1993 ஆடியில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆறு நாள் இருந்தது. மூச்சுக்குழாய் சரியாக வளரவில்லை என்றார்கள். எல்லாம் முடிந்து வீடு வந்தார்கள். அதன்பின் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. முருகானந்தம் மறுநாளே கடையைத் திறந்துவிட்டார்.

"அழுவக்கூட இல்லீங்க. இந்த மனுசனுக்கு மனசே இல்லையாட்டம்னு நெனச்சுக்குவேன். சோறு போடுவேன், பெடல அமுக்குவேன். அமுக்கு, புடி, உடு. மூனு வருசம் எங்களுக்குள்ள அந்த மூனு வார்த்தைதான் உருப்படியா ஓடுச்சு."

1996 புரட்டாசி. சென்னிமலை என்ற கரும்பு விவசாயி தன் மாருதி காரைக் கொண்டுவந்தார். இடது பின் சக்கரத்தின் சிலிண்டரை மாற்ற வேண்டும். வசந்தாமணி சீட்டில் உட்கார்ந்து பெடலைப் பிடித்தார். முருகானந்தம் பழைய சிலிண்டரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பிரித்தார். அளவு வேறு. கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

சென்னிமலை தானே போய் மாற்றி வருவதாகப் பஸ் ஏறினார். போய் வர எப்படியும் ஒன்றரை மணி நேரம். குழாய் வாயை அடைக்க ரப்பர் மூடி எதுவும் அன்றைக்குக் கையில் இல்லை. முருகானந்தம் சுத்தமான துணியைச் சுற்றிவிட்டு, "கால எடுத்தராத. எடுத்தா காத்த இழுத்துக்கும்" என்று சொல்லிச் சக்கரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கொட்டகையில் வேறு யாரும் இல்லை. அவர் பின்னால் தரையில், இவர் முன்னால் சீட்டில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அரைமணி நேரம் அப்படியே போனது. பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"வசந்தா."

"சொல்லுங்க."

"அந்தப் பாப்பாவுக்கு நான் பேரு வெச்சிருந்தேன்."

இவர் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். அவர் தலைகூடத் தெரியவில்லை.

"நர்மதா. ரெண்டாம் நாளே வெச்சுட்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு கூப்புட்டேன். அது காலு ஒருக்கா அசஞ்சுது. உன்ற காலாட்டம் நீளப் பாதம்."

இன்னும் பேசினார். ஆஸ்பத்திரி வாசலில் மஞ்சள் துணி வாங்க அலைந்ததை, குழந்தையைப் புதைக்க ஆற்றோரம் தான் மட்டும் போய்விட்டு வந்ததை, மறுநாள் கடையைத் திறந்து அங்கே இருந்த ஒரு வண்டிக்கு அடியில் மதியம் வரைக்கும் சும்மா படுத்துக் கிடந்ததை. அடியில் கிடந்தால் வேலை செய்கிறார் என்று யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்பதற்காக.

வசந்தாமணிக்கு இறங்கி ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் போல இருந்தது. இடுப்பு எழுந்துவிட்டது. பாதம் மட்டும் எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"எடுத்துரு" என்றார் அவர். "ஆயில் போனா போவட்டும். காத்து எடுத்துக்கலாம். நீ எறங்கி வா."

"இல்லீங்க. நீங்க சொல்லுங்க. நான் புடிச்சுட்டுதான் இருக்கறேன்."

சென்னிமலை வந்து சேர்ந்தபோது கால் மரத்து, முழங்காலுக்குக் கீழே ஒன்று இருப்பதே தெரியவில்லை. முருகானந்தம் சிலிண்டரை மாட்டி, குழாயை முறுக்கி, "உடு" என்றார். காலைத் தானாக எடுக்க முடியவில்லை. அவர் கதவைத் திறந்து இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்து, சென்னிமலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குந்தி உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிட்டார். கையெல்லாம் கிரீஸ்.

"அதுக்கப்புறம் பேச வேண்டியது ஏதாச்சும் இருந்தா வண்டில உக்காந்ததுமே சொல்லுவாங்க. அவியம்மா மேல இருந்த கோவம், பத்தாவது பெயிலானது, எல்லாம் அந்தச் சீட்ல உக்காந்து கேட்டதுதான். ஊட்டுல மூஞ்சிய மூஞ்சி பாத்துட்டு இருந்தா, உப்பு கொறச்சல்ங்கறதத் தாண்டி ஒன்னும் வராது."

இரண்டாவது பெண் 98இல் பிறந்தாள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள், நர்மதா என்றும் யாரோ சொன்னார்கள். அது ஒருத்திக்கு வைத்தாகிவிட்டது என்று முருகானந்தம் சொல்லிவிட்டு, ஷாலினி என்று வைத்தார். ஷாலினி இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறாள்.

நாலு வருடம் முன்பு வசந்தாமணியின் வலது முழங்காலில் ஆபரேஷன் ஆனது. திரும்பி வந்த வாரம், இடது காலால் பெடலை அமுக்கச் சொல்லி, சீட்டிலிருந்து பெடலுக்கு எவ்வளவு தூரம் என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டார் முருகானந்தம். மறுநாள் அந்தக் குச்சி தயாராக இருந்தது. நுனியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தார்.

"ரெண்டு நாளு நான் பேசவே இல்லீங்க. என்னைய ஓரங்கட்டிப் போட்டாங்கன்னு ரோசம். அப்புறம் அவியளேதான் வந்து சொன்னாங்க, குச்சி ஒழுங்காத்தான் புடிக்குது, எனக்குத்தான் பொழுது போவ மாட்டேங்குதுன்னு."

வசந்தாமணி ரோட்டைப் பார்த்தார். ஆலைக்குப் போகும் டிராக்டர் ஒன்று கரும்புச் சோகையை உதிர்த்துக்கொண்டு போனது. அந்த நாட்கள் திரும்பி வந்தால் கால் வலியோடு சேர்த்தே வாங்கிக்கொள்வேன் என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அது பேச்சுக்குச் சொன்னதாக இருந்திருக்கும்.

முருகானந்தம் வாஷர்களோடு வந்து சேர்ந்தார். புதுக் காலிப்பரை மாட்டி, குச்சியை எடுத்தார். டப்பாவில் ஆயில் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. மேல் கோடு வரைக்கும் ஊற்றினார். காலிப்பருக்குள் இருக்கும் காற்றை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். அதற்குப் பெடலை மிதித்து மிதித்து விட வேண்டும், குச்சி உதவாது.

நான் மிதிக்கட்டுமா என்று கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். வசந்தாமணி அதற்குள் கதவைத் திறந்து ஏறிவிட்டார், இடது கால் பெடலில்.

"அமுக்கு."

"புடிச்சிருக்கறனுங்க."

"உடு."

மூன்றாவது தடவை அமுக்கிப் பிடித்திருக்கும்போது சக்கரத்துப் பக்கமிருந்து கேட்டார்:

"ராத்திரிக்கு என்ன?"

"அரிசிம்பருப்புச் சோறுதானுங்க. வேற ஏதாச்சும் பண்ணட்டுங்களா?"

"அதே போதும். கத்திரிக்கா கெடந்தா ரெண்டு போடு."

"சரிங்க."

"இன்னொருக்கா அமுக்கு."