அப்பாவுக்கு நான் வரைந்த கால்கள்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போகிறேன். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். லீவில் வந்து போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. வீட்டில் நானும், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் மட்டும்தான்.

ஒருநாள், ‘என் குடும்பம்’ படம் வரைந்து வந்து வகுப்பில் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். மகள் எங்கள் இருவரையும் வரைந்தாள். பக்கத்தில் சொம்பில் சாய்த்து வைத்த செல்போன்; அதற்குள் அப்பாவின் முகம். தினமும் அப்படி வைத்துத்தான் அவரோடு பேசுவோம். பேசி முடித்ததும் வீடு வெறிச்சென்று ஆகிவிடும்.

டீச்சர் என்ன நினைப்பாரோ என்று எனக்குக் கூச்சம். செல்போனை ரப்பரால் அழித்துவிட்டு, மீசையும் சீருடையுமாக முழு ஆளை நானே வரைந்து கொடுத்தேன்.

மறுநாள் டீச்சர் போன் செய்தார். “பாப்பா ஒரு வார்த்தை பேசலைங்க. அப்பாவைப் பத்திச் சொல்லுன்னதும் அழுதுட்டா.”

சாயங்காலம் மடியில் உட்காரவைத்துக் கேட்டேன்.

“அது அப்பா மாதிரியே இல்லம்மா. அப்பாவுக்குக் காலு எப்படி இருக்கும்னு எனக்கு மறந்து போச்சு” என்றாள்.

இப்போதெல்லாம் அவள் நோட்டில் நான் கை வைப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பதோடு சரி. கணவர் வீடியோ காலில் வந்ததும் முதலில், “என்னங்க, செத்த தள்ளி நில்லுங்க, காலு தெரியட்டும்” என்கிறேன்.