ஐந்தில் மூன்று போதும்

சிங்கப்பூரில் நான்கு மசாலா வியாபாரிகள் சேர்ந்து பிளாக்செயின் வைத்துக்கொள்வார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். வைத்தார்கள். அமைத்துக் கொடுத்ததும் நான்தான். ஆட்குறைப்பு என்று சொல்லி வங்கிக் கணினிப் பிரிவிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்த நேரம் அது.

வேலை எளிது. கப்பலில் வரும் மிளகாய்க்கும் மஞ்சளுக்கும் ஆய்வகச் சான்றிதழ் வரும். அதிலுள்ள கணினிக் கையொப்பம் அசல்தானா என்று சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தால் பிளாக்செயின் என்கிற பொதுப் பதிவேட்டில் ஏறும். ஏறியதை யாரும் அழிக்க முடியாது. ஒப்புதல் கொடுக்க ஐந்து சாவிகள். கட்டைவிரல் அளவுதான், கணினியில் செருக வேண்டும். கடைக்கு ஒன்று, ஐந்தாவது என்னிடம். ஐந்தில் மூன்று பேர் ஒப்புக்கொண்டால் போதும்.

முதல் மாதம் ஒரே தலைவலி. ஒரு சான்றிதழ் ஏற அரை நாள் ஆனது. தீபாவளிக் கூட்டத்தை விட்டுவிட்டு யார் பொத்தானை அமுக்குவார்கள்? ஃபேரர் பார்க் பக்கம் மிளகாய்க் கடை வைத்திருந்த பாய்தான் முதலில் சாவியை நீட்டினார்.

"அக்கா, இத நீங்களே வச்சுக்கோங்க லா. உங்ககிட்ட இருந்தா என்கிட்ட இருந்த மாதிரி."

ஒரே வாரத்தில் மற்ற மூவரும் கொடுத்துவிட்டார்கள். நம் ஆட்கள் ஒருவரை நம்பிவிட்டால் வீட்டுச் சாவியையே தந்துவிடுவார்கள். நானும் மறுக்கவில்லை. யாராவது நம்பினால் எனக்கு மனசு இளகிவிடும். ஐந்தையும் என் சாப்பாட்டு மேசையில் ஒரே கணினியில் செருகி, தானாகவே சரிபார்த்து ஒப்புக்கொள்ளும்படி எழுதிவிட்டேன். அரை நாள் வேலை இரண்டு நொடியில் முடிந்தது. ஒவ்வொன்று ஏறும்போதும் 'டிங்' என்று ஒரு சத்தம். பாய் ஆஹா ஓஹோ என்றார். அதன்பிறகு என்னைக் கூப்பிட யாருக்கும் தேவை இருக்கவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சிராங்கூனில் மூவறை வீடு. தங்கை ஜூரோங்கில் இருக்கிறாள், தீபாவளிக்குத் தீபாவளி பார்ப்போம். தனிமை பழகிவிட்டது என்று கேட்பவர்களிடம் சொல்வேன். பழகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சமையலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பை அசைக்க முடியவில்லை. கைபேசி படுக்கையறையில் இருந்தது. கத்திப் பார்த்தேன், மேல் வீட்டில் சுவரை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மேசையிலிருந்து டிங். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிங். நான் தரையில் கிடக்க, ஐந்து சாவிகளும் எல்லாம் சரி, எல்லாம் சரி என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். வலியைவிட ஆத்திரம்தான் அதிகம். மறுநாள் மத்தியானம் எப்படியோ வாசல் வரை நகர்ந்து கதவைத் தட்டியதில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பாய் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்.

"என்னக்கா, ஒரு வார்த்தை சொல்லலையே! சிஸ்டம் ஓடிட்டுத்தானே இருந்துச்சு, நீங்க நல்லா இருக்கீங்கன்னு நினைச்சோம்."

அவர் மேல் தப்பில்லை.

நடக்க ஆரம்பித்ததும் நான்கு சாவிகளையும் திருப்பிக் கொடுத்தேன். ஐந்து பேர் பார்க்க வேண்டியதை ஒருத்தியே பார்த்தால் அது சரிபார்ப்பே இல்லை, என் கணினிக்குள் ஒரு திருடன் நுழைந்தால் ஐந்தும் போச்சு என்றேன். அது உண்மையும்தான். கையொப்பச் சோதனையைக் கணினியே செய்துவிடும், காலையில் மொத்தமாக ஒரு தடவை பொத்தானை அமுக்கினால் போதும் என்று வேலையைச் சுலபமாக்கியும் கொடுத்தேன். பாய் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வேண்டுமென்றே நான் அமுக்கவில்லை. கைபேசியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்குள் மூன்று கடைக்காரர்கள் அமுக்கிவிட, எல்லாம் ஏறிவிட்டது. சாயங்காலம்வரை ஒரு போன் இல்லை. நான் இல்லாமலே நடக்கும்படி விதி எழுதியவளும் நான்தானே, யாரைக் குறை சொல்வது?

அந்த வாரமே விதியை மாற்றினேன். இனி ஐந்து பேருமே ஒப்புக்கொள்ள வேண்டும். பாதுகாப்புக்காக என்று அவர்களிடம் சொன்னேன். பொய். ஒருவர் படுத்துவிட்டால் எல்லாமே நின்றுபோகும் மோசமான ஏற்பாடு அது. முப்பது வருஷம் இதே தொழிலில் இருந்தவளுக்குத் தெரியாதா? அந்த மாற்றத்துக்கும் நால்வரும் படித்துப் பார்க்காமலே அமுக்கினார்கள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்குமாம்.

மறுநாள் பத்தே காலுக்குப் போன் அடித்தது.

"அக்கா, உங்களோடது மட்டும் இன்னும் வரல. சரக்கு போர்ட்ல நிக்குது. என்ன பண்றீங்க?"

"குளிச்சிட்டு இருந்தேன் பாய்."

"மணி என்ன ஆச்சு! காலையிலேயே அமுக்கணும்னு சொன்னதே நீங்கதானே லா? எங்களுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?"

அவர் திட்டி முடிக்கும்வரை கேட்டுவிட்டுத்தான் அமுக்கினேன். அதற்கு மறுநாள் பத்தரைவரை அமுக்கவில்லை.