பாறைக்கும் பாதைக்கும் நடுவே

பிரேதப் பரிசோதனை செய்கிற டாக்டர் என்று தெரிந்தால், கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காரச் சிலர் யோசிப்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, நிம்மதியாகச் சாப்பிடலாம். தென்காசிக்கு மாற்றலாகி வந்த பிறகு சவக்கிடங்கில் எனக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் சாலை விபத்து, இல்லையென்றால் பூச்சிமருந்து. சாரல் மாதங்களில் குற்றாலத்துப் பாறைகளும் சேர்ந்துகொள்ளும்.

எதனால் உயிர் போனது என்பதை உடம்பு சொல்லிவிடும். எந்த எலும்பு முறிந்தது, எவ்வளவு ரத்தம் உள்ளே தேங்கியது என்று பார்த்து எழுதிவிடலாம். தவறி விழுந்தாரா, குதித்தாரா, யாராவது தள்ளினார்களா என்பதில்தான் தகராறே. முறிந்த தொடை எலும்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதற்கு உடம்போடு துணிமணியையும், கிடந்த இடத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். முடிவு செய்வது போலீஸ் விசாரணைதான் என்றாலும், என்னைக் கேட்காமல் அவர்கள் ஃபைலை மூடுவதில்லை.

அன்றைக்கு வந்தவர் குத்துக்கல்வலசைக்காரர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அருவிகளில் தண்ணீர் அதிகம் என்று குளிக்கத் தடை போட்டிருந்த நாட்கள் அவை. தடை போட்டால் நம் ஆட்கள் வீட்டுக்கா திரும்புவார்கள்? மேலே ஏறி, காட்டோரம் ஏதாவது ஓடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இவரும் திங்கட்கிழமை அப்படித்தான் தனியாக ஏறியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அதே ஓடைக்குக் குளிக்கப் போன சிலர் பாறைக்குக் கீழே அவர் உடலைப் பார்த்தார்கள். புதன்கிழமை காலையில் என் மேஜைக்கு வந்தார்.

சப் இன்ஸ்பெக்டர் சின்னப் பையன்; வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. முடிவோடுதான் வந்திருந்தார்.

"க்ளியர் கேஸ் மேடம். திங்கக்கிழமை காலையில வீட்டுல சண்டை. 'எங்கயாவது போய்த் தொலைங்க'ன்னு அந்தம்மா கத்துனத பக்கத்து வீட்டுல கேட்டிருக்காவ. இவரு பாறை மேல சட்டைய மடிச்சு வச்சு, அதுமேல போனையும் வாட்ச்சையும் வச்சு, செருப்பையும் ஒழுங்கா விட்டுட்டுக் குதிச்சிருக்காரு. பாறையில இருந்து முப்பதடி தள்ளிக் கெடந்தாரு. கால் வழுக்கி விழுந்தா பாறை அடியிலேயே கெடக்க மாட்டாரா? எட்டிக் குதிச்சாத்தான் அவ்வளவு தூரம் போவும்."

பாடப்புத்தகம் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் குற்றாலத்தில் குளிக்கப் போகிறவன் சட்டையை மடித்து, வாட்ச்சைக் கழற்றி, செருப்பை ஓரமாக விடாமல் வேறென்ன செய்வான்? இந்த ஊர்க்காரப் பையனுக்கே அது தோன்றவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் மனைவி வெளியே சிமெண்ட் பெஞ்சில் இருந்தாள். பத்து வயது மகளை அவளிடமிருந்து பிரித்து, சற்றுத் தள்ளித் தன்னோடு உட்கார வைத்திருந்தாள் இறந்தவரின் அக்கா. சுரண்டையிலிருந்து வந்தவள். ஜன்னல் வழியாக அவள் குரல் உள்ளே வரை கேட்டது.

"என் தம்பிய இவ நாக்குதான் கொன்னுட்டு! பிள்ளைய இனி இவகிட்ட விட மாட்டேன்."

மனைவியும் அதையேதான் நம்புகிறாள் என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

வேலையைத் தொடங்கினேன். முதல் கோபம் தூக்கி வந்தவர்கள் மேல். கை காலெல்லாம் பளிச்சென்று இருந்தது. என் உதவியாளர் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"ஓடையிலேயே கழுவித்தான் தூக்கிட்டு வந்திருக்கானுவ அம்மா. மேலெல்லாம் ஒரே சேறாம். பொண்டாட்டி பிள்ளை இந்தக் கோலத்துல பாக்கக் கூடாதுன்னுட்டு."

நல்ல மனசுதான், யார் இல்லையென்றது! நான் படிக்க வேண்டியதில் பாதியை அந்த நல்ல மனசு ஓடையோடு அனுப்பிவிட்டது.

ஆனால் எல்லாவற்றையும் ஓடைத் தண்ணீரால் கழுவிவிட முடியாது. தலைமுடியில் நல்லெண்ணெய் பிசுபிசுவென்று அப்படியே இருந்தது. கட்டியிருந்த துண்டின் பின்புறத்தில் பாசி தேய்ந்து பச்சையாக அப்பியிருந்தது. குதிகாலிலிருந்து முதுகு வரை ஒரே திசையில் சிராய்ப்பு. எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்க இறங்கியவர், மல்லாக்க வழுக்கிக்கொண்டே போய் விழுந்திருக்கிறார். இதுவரை எனக்குச் சந்தேகமே இல்லை.

மீதி இருந்தது அந்த முப்பதடி. கைகளைத் திருப்பினேன். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. முழங்கைகளும் அப்படியே. நகக்கண்ணில், கழுவியவர்களின் கை போகாத இடத்தில், மண்ணும் வேர்த்துணுக்கும் அடைந்திருந்தன. மூன்று நகங்கள் பிய்ந்திருந்தன. வலது தொடை முறிந்து வீங்கியிருந்தது. முழங்கைச் சிராய்ப்பில் பொருக்கு கட்டத் தொடங்கியிருந்தது. செத்த உடம்பில் பொருக்கு கட்டாது. அதற்கு உயிர் வேண்டும், மணிக்கணக்கில் நேரம் வேண்டும்.

சப் இன்ஸ்பெக்டரின் போனை வாங்கிப் படங்களைப் பார்த்தேன். உடல் கிடந்த இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் ஒற்றையடிப் பாதை. முப்பதடி அவர் குதித்த தூரமல்ல. உடைந்த காலை இழுத்துக்கொண்டு, பாதையைப் பார்த்துத் தவழ்ந்த தூரம்.

இத்தனை வருஷ வேலையில், ஒருவர் வாழ ஆசைப்பட்டதற்கு இவ்வளவு தெளிவான சாட்சியை நான் கண்டதில்லை. எனக்குள் ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கையுறையைக் கழற்றிவிட்டு நேராக வெளியே வந்தேன். சப் இன்ஸ்பெக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த அக்காவுக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"இது தற்கொலை இல்ல. குளிக்க இறங்குனவரு வழுக்கி விழுந்திருக்காரு. விழுந்த பிறகு உடைஞ்ச காலோட பாதை வரைக்கும் தவழ்ந்திருக்காரு. நகமெல்லாம் பிஞ்சு போச்சு. வீட்டுக்கு வரணும்னு அவ்வளவு போராடியிருக்காரு. யாரு நாக்கும் அவரக் கொல்லல."

அக்கா வாயை மூடினாள். கை தளர்ந்தது, சிறுமி எழுந்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

மனைவி அப்போதுதான் முதன்முதலாக அழுதாள். "நான் சொன்ன சொல்லால இல்லையே டாக்டரம்மா? நெசமாவே இல்லையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை, இல்லை என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். என் கண்ணும் கலங்கிவிட்டது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் அழுதவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நான் சொன்னதை மனதுக்குள் மறுபடி ஒருமுறை கேட்டிருக்க வேண்டும். முகம் மாறியது.

"எவ்வளவு நேரம் கெடந்தாவ?"

அவள் தோளிலிருந்து கையை எடுத்தேன். "ரொம்ப நேரம் இருக்காதும்மா. நினைவு தப்பியிருக்கும்."

"தவந்தாவன்னு இப்பத்தான சொன்னிய."

மகளைத் தன் பின்பக்கம் நகர்த்தினாள். அவள் காதில் விழக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

"சண்டை போட்டா சுரண்டைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருவாவ. ஒரு நாள் இருந்துட்டுத் தானா வருவாவ. நானா போன் போட மாட்டேன். இந்தத் தடவையும் அங்கனதான் இருப்பாவன்னு நெனச்சேன். அக்கா, இங்க வீட்டுல இருப்பாவன்னு நெனச்சிருக்காவ. திங்கக்கிழமை ராத்திரி உயிரோட இருந்தாவளா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் காயத்துக்கும் சாவுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று அறிக்கையில் எழுதியாக வேண்டும். நகல் அவள் கைக்குத்தான் போகும். எழுதப் படிக்கத் தெரிந்தவள்.

"இருந்திருக்கணும்," என்றேன்.

"விடியக்காலம்?"

சப் இன்ஸ்பெக்டர் ஏதோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார். அந்த அக்காவும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். இப்போது அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

மனைவி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சாத்தியிருந்த சவக்கிடங்குக் கதவையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப ராத்திரி பூரா என்னயக் கூப்பிட்டிருப்பாவ."